சாவி: லத்தீனிலிருந்து நம் வீட்டுப் பூட்டு வரை

தமிழில் இரண்டு சாவி உண்டு. மணி பிடிக்காமல் காய்ந்துபோன பயிரைப் பார்த்து "சாவியாப் போச்சு" என்பார்கள் உழவர்கள். அது 'சா' என்ற வினையில் பிறந்த நம் சொல். பூட்டைத் திறக்கும் சாவிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது போர்ச்சுக்கீசிய மொழியின் 'சாவெ'.

மூலம், லத்தீனில் 'கிளாவிஸ்'. லத்தீன் வழிவந்த மொழிகளில் இந்தச் சொல் பரவலாக உண்டு. தொடக்க ஒலிதான் மொழிக்கு மொழி மாறும். பிரெஞ்சில் கிளே, இத்தாலியனில் கியாவே, ருமேனியனில் கேயே, ஸ்பானிஷில் யாவே, போர்ச்சுக்கீசியத்தில் சாவெ. இந்த மாற்றத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. மழைக்கு லத்தீனில் புளூவியா. ஸ்பானிஷில் யூவியா, போர்ச்சுக்கீசியத்தில் சூவா. தழலுக்கு ஃபிளம்மா, அது யாமா, சாமா ஆனது. இப்படி இன்னும் பல. ஆகவே நம் சொல் 'சா' என்று தொடங்குவதே போதும், அது எந்த நாட்டுக் கப்பலில் வந்து இறங்கியது என்று சொல்லிவிடலாம். மராத்தியில் சாவி, இந்தியில் சாபி என்று அது இந்தியா முழுக்கச் சுற்றியிருக்கிறது.

போப்பைத் தேர்ந்தெடுப்பதற்காகக் கர்தினால்கள் என்னும் மூத்த குருமார் ஒன்றுகூடுவதைக் குறிக்கும் 'கான்கிளேவ்' என்ற சொல்லும் இதே குடும்பம்தான். 'சாவியோடு' என்பது அதன் பொருள். அதாவது பூட்டி வைக்கக்கூடிய அறை. 1268 முதல் 1271 வரை புதிய போப்பைத் தேர்ந்தெடுக்க முடியாமல் கர்தினால்கள் இழுத்தடித்தார்கள். கடைசியில் தேர்வான பத்தாம் கிரகோரி, 1274-இல் பிரான்சின் லியோன் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தில், இனி அவர்களை அடைத்து வைத்தே தேர்தல் நடக்க வேண்டும் என்று விதி போட்டார். பட்டபாடு அப்படி! தோளில் இருக்கும் காறை எலும்புக்கு மருத்துவத்தில் 'கிளாவிக்கிள்' என்று பெயர். லத்தீனில் அது 'சின்னச் சாவி'.

சரி, தமிழில் என்ன சொல்வது? திறவுகோல். திறக்கும் கோல் என்று பொருள் நேராகவே விளங்குகிறது. மலையாளத்தில் இன்றும் 'தாக்கோல்', அதாவது தாழைத் திறக்கும் கோல். தமிழ் விவிலியத்தில் பேதுருவுக்கு இயேசு கொடுப்பதும் திறவுகோல்கள்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. போர்ச்சுக்கீசியர் 1619 முதல் 1658 வரை ஆண்ட யாழ்ப்பாணத்தில் பாண், கதிரை, சப்பாத்து, அலவாங்கு என்று அவர்கள் விட்டுப்போன சொற்கள் ஏராளம். ஆனால் சாவியை மட்டும் அங்கே 'திறப்பு' என்கிறார்கள். தமிழ்நாட்டில்தான் சாவி நிலைத்துவிட்டது.

நிலைத்ததை விரட்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதும், ஒருவனைச் சாவி கொடுத்து ஏவிவிடுவதும் நம் பேச்சிலேயே ஊறியவை. அங்கே திறவுகோல் ஒட்டாது. கணினி விசைப்பலகையில் இருப்பதையும் சாவி என்று சொல்வதுதான் பொருந்தவில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் வந்த குழப்பம் அது. ஸ்பானிஷிலும் போர்ச்சுக்கீசியத்திலும் அதற்குத் 'தெக்லா' என்று வேறு சொல். நமக்கும் 'விசை' இருக்கிறது.