மையோகுளோபின்: தசைக்குள் உயிர்வளியை ஏந்தும் புரதம்

கறிக்கடையில் கோழியின் தொடைக்கறி கருஞ்சிவப்பாகவும் நெஞ்சுக்கறி வெளிறியும் இருப்பதற்கு, நாள் முழுதும் நின்றும் நடந்தும் உழைக்கும் தொடைத்தசையில் மையோகுளோபின் என்னும் புரதம் மிகுந்திருப்பதே காரணம். ஆட்டுக்கறித் துண்டிலிருந்து கசியும் செந்நீரை இரத்தம் என்றே பலரும் எண்ணுகிறோம். அதைச் சிவக்கச் செய்வதும் பெரும்பாலும் இப்புரதந்தான்.

'மையோ' என்பது தசையைக் குறிக்கும் கிரேக்க வேர். அச்சொல்லுக்கு எலி என்றும் பொருளுண்டு. இலத்தீனிலும் தசையைக் குறிக்கும் சொல்லின் நேர்ப்பொருள் சிற்றெலி என்பதே. தோலுக்கடியில் தசை புடைத்து அசைவது எலி ஓடுவதுபோல் தோன்றியதால் வந்த பெயர் என்பர். 'குளோபின்' உருண்டை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழி வந்தது. ஆக, இடத்தையும் வடிவத்தையும் சொல்லும் இப்பெயர் வேலையைச் சொல்லவில்லை.

வேலையோ நுட்பமானது. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினில் உயிர்வளியை, அதாவது ஆக்சிஜனை, பற்றும் இரும்பணுக்கள் நான்கு உண்டு, மையோகுளோபினில் ஒன்றுதான். ஆயினும், ஈமோகுளோபின் பாதியளவு நிரம்புவதற்கு உயிர்வளியின் அழுத்தம் ஏறத்தாழ 27 மி.மீ. பாதரச அளவு வேண்டியிருக்க, மையோகுளோபினுக்கு 3 மி.மீ. அளவே போதும் என்பதால், நுண்குழாய்களில் ஈமோகுளோபின் விடும் உயிர்வளியை அது எளிதில் பற்றிக்கொள்கிறது. தசை கடுமையாக இயங்கி உயிர்வளி மிகவும் குறையும்போது அதை, உயிரணுவுக்குள் ஆற்றலை உண்டாக்கும் இழைமணிகளுக்கு (மைட்டோகாண்ட்ரியா) விட்டுக்கொடுக்கிறது. அங்கே எலக்ட்ரான்களை இறுதியாக ஏற்கும் உயிர்வளி நீராக மாற, அந்த எலக்ட்ரான் ஓட்டத்தில் கிடைக்கும் ஆற்றல், உயிரணுவின் வேலைகளுக்குச் செலவாகும் ஏடிபி மூலக்கூறுகளில் சேமிக்கப்படுகிறது. ஒரு மணிநேரத்துக்கு மேலும் மூச்சடக்கி மூழ்கும் எண்ணெய்த் திமிங்கிலத்தின் தசை ஏறக்குறைய கறுத்திருப்பதும் இப்புரதத்தின் மிகுதியால்தான். பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜான் கென்ட்ரூ 1958இல் அத்திமிங்கிலத்தின் மையோகுளோபினைக் கொண்டே, முதன்முதலாக ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கண்டறிந்தார். 1962இல், ஈமோகுளோபினின் வடிவத்தைக் கண்டறிந்த மேக்ஸ் பெருட்ஸுடன் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஈமோகுளோபினைக் குருதிவளிக்காவி என்று எழுதுவோர் இதைத் தசைவளிக்காவி எனலாம். காவுதல் என்றால் சுமந்து செல்லுதல். காவடியில் இருப்பதும், ஈழத்தில் பேச்சுவழக்கிலேயே வாழ்வதும் அச்சொல்தான். ஊரெல்லாம் சுற்றிச் சுமக்கும் ஈமோகுளோபினுக்கு அது நன்கு பொருந்துகிறது. தசை உயிரணுவை விட்டு வெளியேறாமல், வந்ததை வாங்கி வைத்திருந்து வேண்டும்போது தருகிற இதற்கோ, தசைவளியேந்தி என்பதே நெருக்கமாக எனக்குப் படுகிறது. காவி என்றதும் நிறம் நினைவுக்கு வரும் குழப்பமும் இதில் இல்லை. அந்தப் புரதம் சிவப்பாக இருப்பது வேறு கதை.