கொலாஜ்: படத்தொகுப்பு அல்ல, ஒட்டோவியம்

'பழைய நூல்களின் தாள்களைக் கொண்டு படத்தொகுப்புப் பயிற்சி' என்று போன மாதம் ஓர் அழைப்பிதழ் வந்தது. தாள், துணி, படம் என்று வெட்டியெடுத்தவற்றை ஒட்டி உருவாக்கும் கொலாஜ் ஓவியத்தைத்தான் அப்படித் தமிழாக்கியிருந்தார்கள். போய்ப் பார்த்தால், ஒரு கல்லூரி மாணவர் மடிக்கணினியோடு உட்கார்ந்துகொண்டு எந்த மென்பொருளில் வெட்டப்போகிறோம் என்று கேட்கிறார். அவர்மேல் என்ன தவறு? படத்தொகுப்பு என்றால் தமிழில் சினிமா எடிட்டிங். படம் தொடங்கும்போது அந்தச் சொல்லுக்குக் கீழே ஒருவர் பெயர் வருவதை எல்லோரும் பார்த்து வளர்ந்திருக்கிறோம். கண்காட்சிக் குறிப்புகளிலும் இணைப்பிதழ்க் கட்டுரைகளிலும் இதே மொழிபெயர்ப்பைப் பார்த்துப் பார்த்துப் பொறுமை போய்விட்டது.

கொலாஜ் பிரெஞ்சுச் சொல். 'கோல்' என்றால் பசை, அதிலிருந்து ஒட்டுதல். பசைக்கான மூலச்சொல் கிரேக்கத்தில் இருக்கிறது. 1912இல் பிக்காசோ பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஓவியத்தின்மேல் ஒட்டினார். அதே ஆண்டு அவருடைய சக ஓவியர் பிராக் மரவரி அச்சிட்ட சுவர்த்தாளை ஒட்டினார். அங்கிருந்து அது கலைச்சொல்லாயிற்று.

இனி 'தொகு' என்ற வேரைப் பாருங்கள். தனித்தனியே முழுதாக இருப்பவற்றை ஓரிடத்தில் சேர்ப்பது தொகுப்பு. குறுந்தொகையில் ஒவ்வொரு பாட்டும் தன் முதலோடும் முடிவோடும் நிற்கிறது. ஒரு பாட்டின் இரண்டு அடியை அறுத்து இன்னொரு பாட்டின் நடுவில் செருகியிருந்தால் அதைத் தொகை என்று யாராவது சொல்லியிருப்பார்களா?

கொலாஜில் நடப்பதோ அந்த அறுப்பும் செருகலும்தான். பழைய புத்தகங்களை வைத்து இதைச் செய்தவர்களில் ஜெர்மனியில் பிறந்த ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்டுக்கு நிகர் எனக்குத் தெரிந்து யாருமில்லை. 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மலிவு நாவல்களில் வந்த மரச்செதுக்குப் படங்களை வெட்டி 182 படங்கள் செய்தார்; 1934இல் பாரிசில் ஐந்து சிற்றேடுகளாக அவை வெளிவந்தன. சீராக உடுத்திய கனவானுக்குச் சிங்கத்தலை, ஒரு பெண்ணின் முதுகில் இறக்கை. செதுக்குப் படத்தின் நெருக்கமான கோடுகள் ஒன்றோடொன்று இசையும்படி வெட்டியிருப்பதால், அச்சில் பார்க்கும்போது எங்கே வெட்டினார், எங்கே ஒட்டினார் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. எந்த நாவலின் எந்தக் காட்சியும் அங்கே முழுதாக மிஞ்சவில்லை. இதைத் தொகுப்பு என்பது எப்படிப் பொருந்தும்?

கொலாஜை 'ஒட்டோவியம்' என்று நான் சொன்னால் மொழிபெயர்ப்பு நண்பர் ஒருவர் முகம் சுளிக்கிறார். ஒட்டு என்றாலே சுவரொட்டி, பசைவாளி எல்லாம் நினைவுக்கு வருகிறதாம். அதோடு எர்ன்ஸ்டையே சாட்சிக்கு அழைக்கிறார்: கொலாஜைக் கொலாஜாக்குவது பசை இல்லை என்று எர்ன்ஸ்டே எழுதியிருக்கிறாரே, பிறகு நாம் ஏன் பசையைப் பிடித்துத் தொங்க வேண்டும் என்று.

எர்ன்ஸ்ட் சொன்னது பிரெஞ்சுச் சொல்லை வைத்து. அந்தச் சொல்லின் அடியில் இருப்பது வெறும் பசை. நம் 'ஒட்டு' அதோடு நிற்பதில்லை. நாற்றுப்பண்ணையில் ஒட்டு மாங்கன்று கேட்டு வாங்குகிறோம். வேர் நாட்டு மாவுடையது, மேலே காய்ப்பது பங்கனபள்ளி. இரண்டும் வெட்டுப்பட்டு, வெட்டுவாயில் கூடி, ஒரே மரமாக வளர்கிறது. சிங்கத்தலைக் கனவானைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் வேறெங்கே கிடைக்கும்? அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தில்கூட 'ஒட்டு' என்று ஓர் அணி உண்டு. சொல்லவந்ததை மறைத்துவிட்டு, அதற்கு ஒப்பான வேறொன்றைச் சொல்லி அதை உணர்த்துவது. பிரெஞ்சுக்காரரிடம் இல்லாத வசதி நம் சொல்லில் இருக்கும்போது, அதை ஒதுக்கிவிட்டுச் சினிமாக்காரர் சொல்லை இரவல் வாங்குவானேன்!

'கலவை ஓவியம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். கலவையில் சேர்ந்தவை கரைந்துபோகும். இங்கே எதுவும் கரைவதில்லை. அந்தப் பயிற்சியில் பக்கத்தில் இருந்த அம்மா, பழைய நாவல் ஒன்றின் தாளைக் கிழித்து என் கையில் கொடுத்தார். பழுப்பேறி, மடித்தால் ஒடிகிற தாள். ஈய எழுத்து அழுந்திய தடம் பின்பக்கத்தில் விரலுக்குத் தட்டுப்பட்டது. பைண்டிங் கடையில் செய்வதுபோல மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதா பசை. கொஞ்சம் தண்ணீர் கூடியதும் மறுபக்கத்து வரிகள் இந்தப் பக்கத்தில் நிழலாகத் தெரிந்தன. மேலே அவர் ஒட்டிய பறவைக்குக் கீழே 'என்றாள் அவள்' என்ற பாதி வரி அப்படியே நின்றது.

மொழிபெயர்ப்பாளர்கள்மேல் எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான். பொருளைக் கையால் தொட்டுப் பார்க்காமல் அகராதியைத் திறக்கிறார்கள். முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஒரு கத்தரிக்கோலும் ஒரு பழைய புத்தகமும் கையில் எடுத்தவர் யாரும் தொகுப்பு என்று எழுதமாட்டார்.

கைப்பேசியில் ஆறு புகைப்படங்களை ஆறு கட்டங்களில் அடுக்கித் தருகிற செயலிகள் இருக்கின்றனவே, அவையும் தம்மைக் கொலாஜ் என்றுதான் சொல்லிக்கொள்கின்றன. அங்கே எந்தப் படமும் இன்னொன்றோடு கூடுவதில்லை. பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். அதைப் படத்தொகுப்பு என்று தாராளமாக எழுதட்டும்.