முடி கொட்டும் ஆட்டுக்கெல்லாம் சொறி ஊசி போடலாமா?

பென்னாகரத்தை அடுத்த மலையடிவார ஊர் ஒன்றிலிருந்து கோடையில் என்னிடம் ஓட்டிவரப்பட்ட இரண்டு ஆடுகளுக்கு, மருந்துக்கடையில் வாங்கிய ஐவர்மெக்டின் என்னும் சொறி ஊசி அதற்குள் மூன்று முறை போடப்பட்டிருந்தது. காதும் மூக்கின் மேற்புறமும் தோலுரிந்து கிடந்ததால் வீட்டார் அதைச் சொறி என்றே எண்ணியிருந்தனர். ஆனால் அதே பட்டியிலிருந்த சேலம் கருப்பு ஆடுகளில் ஒன்றுக்கும் இந்தத் தொல்லை இல்லை. வெள்ளை ஆடுகள் இரண்டுமே பாதிக்கப்பட்டிருந்தன. இமையை விலக்கிப் பார்த்தால் கண் மஞ்சளாக இருந்தது. மேய்ச்சலைப் பற்றி விசாரித்தபோது, புல் காய்ந்துவிட்டதால் காட்டோரத்து உண்ணிச்செடியை அவை தின்றுவந்தது தெரிந்தது. அச்செடியின் நஞ்சு ஈரலைக் கெடுத்துவிடுவதால், தழையின் பச்சையத்திலிருந்து குடலில் உண்டாகும் ஒரு பொருள் பித்தத்தோடு வெளியேறாமல் இரத்தத்தில் தங்கி, வெயில் படும் வெளிறிய தோலைப் புண்ணாக்குகிறது. அந்த ஆடுகளுக்குத் தேவைப்பட்டவை நிழலும், வேறு தீவனமும், ஈரலுக்கான மருத்துவமுமே.

சொறியின் இயல்பு வேறு. அது தோலைத் துளைத்து வாழும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பூச்சியால் வருவது. ஆடு ஓயாமல் கம்பத்தில் உரசும். முகம், காது, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் முடி உதிர்ந்து தோல் தடித்து மடிப்பு விழும். ஆட்டைப் பிடித்து வந்தவரின் முன்கையையும் நான் பார்ப்பதுண்டு, ஏனெனில் இந்தச் சொறிப்பூச்சி மனிதருக்கும் தொற்றி அரிப்பைத் தரும். அரிப்பே இல்லாமல் செதில் மட்டும் உதிர்ந்தால் துத்தநாகக் குறைபாட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பேனாலும் முடி கொட்டும்; ஆனால் கருப்பு ஆட்டில் அது எளிதில் கண்ணில் படாது. வெளிச்சத்தில் நிறுத்தி முடியை வகிர்ந்து பார்ப்பதே சரி.

ஐயம் தீரப் பொருக்கின் ஓரத்தை இரத்தம் இலேசாகக் கசியும்வரை சுரண்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறோம். ஒரு முறை பூச்சி தென்படவில்லை என்பதற்காகச் சொறி இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது.

சொறி உறுதியானால், 1 சதவீத ஐவர்மெக்டின் 25 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு அரை மில்லி, தசையில் அல்லாமல் தோலுக்கடியில் போடப்படுகிறது. எடையைக் கண்ணால் மதிப்பிடாமல் நிறுத்துப் பார்த்து, கால்நடை மருத்துவரைக் கொண்டே போட வேண்டும். பூச்சியின் முட்டை இதில் சாவதில்லை. அது பொரித்து வெளிவருவதை அழிக்கவே 10 முதல் 14 நாள் கழித்து மறு ஊசி போடுகிறோம். புண் ஆறத் தொடங்கியதும் பலரும் விட்டுவிடுவது இந்த மறு ஊசியைத்தான். நோய் தெரியும் ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுத்து, அதனோடு படுத்துறங்கும் மற்றவற்றை விட்டுவிடுவதும், கொட்டகைக் குப்பையை அள்ளாமல் இருப்பதும் அதற்கு நிகரான தவறுகளே. தோலைக் கடித்துண்ணும் பேனுக்கு ஊசி சரிவரக் கேட்காது என்பதால் மேற்பூச்சு மருந்துதான் தேவைப்படும். கழிவு என்ஜின் ஆயிலைத் தடவும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். அது தோலை எரித்து, ஆடு நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகிறது.

ஊசி போட்ட ஆட்டின் இறைச்சியில் மருந்து பல வாரங்கள் தங்கக்கூடும். ஆகவே பண்டிகைச் சந்தைக்கு ஓட்டவிருக்கும் ஆடாக இருந்தால், ஊசி போடுவதற்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.