"ஸ்கேன் நார்மல்தான் மேடம்"

கணவர் பெரிய கவரிலிருந்து எம்ஆர்ஐ ஃபிலிமை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ஸ்கேன் நார்மல்தான் மேடம். மூளையில ஒண்ணும் இல்லையாம். அப்போ எல்லாம் இவ மனசுலதானே? கொஞ்சம் அடக்கிக்கிட்டா என்ன?"

மனைவி பதில் சொல்லவில்லை. புறங்கை இரண்டும் வெளுத்து, விரலிடுக்குகளில் தோல் வெடித்திருந்தது. நாற்காலியின் கைப்பிடியில் பட்டுவிடாதபடி கைகளை மடிக்குமேல் தூக்கி வைத்திருந்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மூளையா, மனசா? மருத்துவ உளவியலாளராக இந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒரு முறையாவது எதிர்கொள்கிறேன். இரண்டும் வேறு வேறு என்று நினைப்பதால்தான் பலர் வருஷக்கணக்கில் சிகிச்சைக்கே வராமல் இருக்கிறார்கள்.

அந்த மனைவிக்கு இருந்தது ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலை மறுபடி மறுபடி செய்யவைக்கும் நோய். கண்ணுக்கு மேலே இருக்கும் முன்மூளைப் பகுதி, ஆழத்தில் இருக்கும் காடேட், தலாமஸ், மறுபடி முன்மூளை என்று நம் எல்லோருக்குள்ளும் ஒரு சுற்று ஓடுகிறது. கேஸை மூடினோமா என்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்போம். சரி, மூடியாச்சு என்று கிளம்பிவிடுவோம். ஓசிடி உள்ளவர்களிடம் இந்தச் சுற்று அளவுக்கு மீறி வேலை செய்வதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கை சுத்தமாகிவிட்டது என்று அந்தப் பெண்ணுக்கு நன்றாகவே தெரியும். 'போதும்' என்ற உணர்வுதான் வந்து சேரவில்லை. அதை அடக்கமின்மை என்று சொல்வது அநியாயம்.

ஸ்கேனில் ஏன் தெரியவில்லை? சாதாரண எம்ஆர்ஐ கட்டி, ரத்தக்கசிவு போன்றவற்றைக் காட்டும். பலரை ஒன்றாக வைத்து ஒப்பிடும்போது தெரியும் வேறுபாட்டை ஒருவருடைய ஃபிலிமில் தேட முடியாது. வேறு நரம்பியல் அறிகுறி இருந்தால் டாக்டர் எடுக்கச் சொல்வார். மற்றபடி, ஓசிடியை உட்கார்ந்து பேசித்தான் கண்டுபிடிக்கிறோம்.

அமெரிக்காவில் லூயிஸ் பாக்ஸ்டர் குழுவினர் 1992-ல் வெளியிட்ட ஒரு ஆய்வை நான் வருகிறவர்களிடம் அடிக்கடி சொல்வேன். 9 பேருக்கு ஃப்ளூயாக்ஸெட்டின் மாத்திரை, 9 பேருக்கு நடத்தைச் சிகிச்சை என்ற பயிற்சி. சுமார் 10 வாரச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும், மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன். குணம் தெரிந்தவர்களுக்கு, மாத்திரையானாலும் பயிற்சியானாலும், வலது காடேட்டின் வேகம் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் மாத்திரை தொட்ட அதே இடத்தைப் பயிற்சியும் தொட்டது என்பதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

அந்தப் பயிற்சி எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மூன்றாவது சந்திப்பில், என் அறைக் கதவின் கைப்பிடியை அவர் ஒரே விரலால் தொட்டார். "பயம் நூத்துக்கு எவ்வளவும்மா?" "எண்பது மேடம்." கழுவக் கூடாது, புடவையில் துடைக்கவும் கூடாது. விரலைத் தனியாக நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார், நெற்றியில் வேர்வை. கால் மணி நேரத்தில் அறுபது. அப்புறம் ரொம்ப நேரம் அறுபதிலேயே நின்றது. நாற்பது ஆகும்போது முக்கால் மணி நேரம் தாண்டியிருந்தது. கழுவாமலே பயம் இறங்கும் என்பதை அன்றுதான் அவர் உடம்பு அறிந்தது.

நரம்பியல் எங்களுக்கு இங்கே இன்னொன்றும் சொல்லித்தந்தது. பழைய பயம் அழிந்துவிடுவதில்லை. 'தொட்டாலும் ஒன்றும் ஆகாது' என்ற புதிய பாடம் அதன்மேல் பதிகிறது. என் அறையில் மட்டும் பழகினால், அந்தப் பாடம் என் அறையோடு நின்றுவிடலாம். அதனால்தான் பஸ் கம்பி, காய்கறிக் கடைச் சில்லறை, வீட்டுச் செருப்பு என்று இடம் மாற்றி மாற்றிப் பழகச் சொல்கிறோம். மாத்திரையை மனநல மருத்துவர் கொடுத்தார். ஓசிடிக்கு அது பிடிக்க 8 முதல் 12 வாரம்கூட ஆகலாம். இரண்டே வாரத்தில் 'கேட்கல' என்று தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டிலிருப்பவர்களுக்கும் வேலை உண்டு. "சுத்தமாயிடுச்சாங்க?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் கணவர் "ஆச்சு, ஆச்சு" என்பாராம். அந்தப் பதில் ஐந்து நிமிஷ நிம்மதி; ஆறாவது நிமிஷம் அதே கேள்வி. கழுவுவதைப் போலவே அதுவும் சுற்றுக்குத் தீனி. பதில் சொல்லாமலும், எரிந்து விழாமலும் இருக்கக் கணவரைப் பழக்குவதற்கே இரண்டு சந்திப்புகள் ஆயின.

யாரைப் பார்ப்பது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

பிறகொரு நாள் அந்தக் கணவர் சொன்னார்: "இப்போ கேட்டா, 'இது அந்தச் சுத்து கேக்குதும்மா'ன்னு சொல்லிட்டுப் பக்கத்துல உக்காந்துக்கிறேன் மேடம்." மனைவியின் கை நாற்காலிக் கைப்பிடிமேல் இருந்தது.