பால் பொங்கியது யார் தப்பு?

எங்கள் வீட்டு நான்கு பர்னர் அடுப்பில் வாரத்துக்கு ஒரு நாளாவது பால் பொங்கி வழியும். இத்தனைக்கும் நான் பக்கத்தில்தான் நிற்பேன். பால் ஏறி வருவதையும் பார்ப்பேன். சட்டென்று குமிழைத் திருகுவேன். அணைவது பக்கத்தில் சாம்பார் கொதிக்கும் பர்னராக இருக்கும். பால் அதுபாட்டுக்குப் பொங்கி, கண்ணாடி மேல் பரவி, தன் தீயைத் தானே அவித்துக்கொள்ளும்.

இரண்டு பர்னர் அடுப்பு இருந்த காலத்தில் இது நடந்ததே இல்லை. இடது குமிழ் இடது பர்னருக்கு, வலது குமிழ் வலது பர்னருக்கு. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான்கு என்று வந்ததும்தான் வம்பு. பர்னர்கள் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று சதுரமாக உட்கார்ந்திருக்கின்றன. குமிழ்களோ முன்விளிம்பில் ஒரே வரிசை. இடப்பக்கத்துக் குமிழ்கள் இரண்டும் இடப்பக்கத்துப் பர்னர்களுக்கு என்பதுவரை சரி. அதில் எது முன், எது பின்? ஒவ்வொரு குமிழுக்கு மேலும் நான்கு குட்டி வட்டம் போட்டு, அதில் ஒன்றை மட்டும் நிரப்பிக் காட்டியிருக்கிறார்கள். பால் பொங்கும்போது யார் அதைக் குனிந்து பார்ப்பது?

ஆற அமரக் கேட்டால் எந்தக் குமிழ் எந்தப் பர்னருக்கு என்று சரியாகச் சொல்லிவிடுவேன். அதனால் இது தெரியாமல் செய்கிற தப்பு இல்லை. தெரிந்திருந்தும் கை மாறிப்போகிறது. தெரியாததைச் சொல்லிக்கொடுத்துச் சரிசெய்யலாம். கை மாறுவதற்கு எத்தனை முறை பாடம் எடுத்தாலும் பயன் குறைவுதான். ஏனென்றால் பழகிய வேலையைச் செய்யும்போது மனசு வேறெங்கோ இருக்கும்; கை தானாகப் போகும். எங்கே போகும் என்பதைப் பொருளின் அமைப்புதான் தீர்மானிக்கிறது.

இதை உலகம் கொஞ்சம் விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஒரு விநோதமான விபத்து திரும்பத் திரும்ப நடந்தது. விமானம் நல்லபடியாகத் தரையிறங்கிவிடும். இறங்கியதும் விமானி இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் தகடுகளை உள்ளே இழுக்க வேண்டும். அதற்குப் பதிலாகச் சக்கரங்களை மடக்கிவிடுவார். அவ்வளவுதான், விமானம் ஓடுபாதையில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போகும்.

'விமானியின் தவறு' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது சுலபம். 1943இல் இதைப் பார்க்கச் சொல்லி அனுப்பப்பட்ட அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளர் வேறு ஒன்றைக் கவனித்தார். பி-17, பி-25 குண்டுவீச்சு விமானங்களிலும் பி-47 (P-47) சண்டை விமானத்திலும் இது நடக்கிறது. சி-47 என்ற சரக்கு விமானத்தில் நடக்கவில்லை. அங்கே ஓட்டுகிறவர்கள் மட்டும் அதிபுத்திசாலிகளா என்ன? விமானி அறைக்குள் ஏறிப் பார்த்தால் விஷயம் அங்கேயே இருந்தது. பி-17இல் சக்கரத்துக்கும் ஃபிளாப்புக்கும் ஒரே மாதிரி இரண்டு விசைகள், பக்கத்தில் பக்கத்தில். சி-47இல் அவை வேறு வேறு இடத்தில், வேறு வேறு விதமாக இயங்கின. சபானிஸ் சொன்ன வைத்தியம் ரொம்ப எளிது. சக்கர விசையின் தலையில் சின்ன ரப்பர் சக்கரம், ஃபிளாப் விசையின் தலையில் ஆப்பு வடிவத் துண்டு. இருட்டில் தொட்டாலும் எது எதென்று விரல் சொல்லிவிடும். இன்றைக்கும் பயணிகள் விமானத்தில் சக்கரத்தை இறக்கும் கைப்பிடியின் நுனி சக்கர வடிவில்தான் இருக்கிறது. விதிமுறையே அப்படித்தான் சொல்கிறது.

இதே சபானிஸ் பிற்பாடு அடுப்புக்கும் வந்தார் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1959இல் அவரும் லிண்டன்பாம் என்பவரும் சேர்ந்து நான்கு பர்னர் அடுப்பை நான்கு விதமாக அமைத்து, ஆட்களை அழைத்துச் சோதித்தார்கள். சதுரமாக வைத்த அடுப்புகளில் ஆட்கள் தவறிக்கொண்டே இருந்தார்கள். ஒன்றில் மட்டும் பர்னர்களைச் சற்று விலக்கி, முன்னும் பின்னுமாக, ஆனால் இடமிருந்து வலமாக எண்ணினால் குமிழ்களின் அதே வரிசை வரும்படி வைத்திருந்தார்கள். அதில் 1200 முறை முயன்றும் ஒரு தவறுகூட இல்லை. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, நம் சமையலறைக்கு அது ஏன் இன்னும் வந்து சேரவில்லை? என் யூகம் இது: அடுப்பு வாங்கும்போது கண்ணாடி பளபளக்கிறதா என்று பார்க்கிறோம். கடையில் நின்று யாரும் பால் காய்ச்சிப் பார்ப்பதில்லை.

அடுப்பிலேயே இன்னொரு வேடிக்கை உண்டு. மின்விசிறி ரெகுலேட்டரைத் திருகத் திருக வேகம் கூடும். கேஸ் குமிழைத் திருகினால் முதலில் தீ பெரிதாக வரும். மேலும் திருகினால்தான் சிம். பற்றவைக்கும் நேரத்தில் வாயு தாராளமாக வரவேண்டும், அதற்கு இந்த வரிசை தோதாக இருக்கிறது. புதிதாக அடுப்படிக்கு வருபவர் ஒரு வாரம் திண்டாடுவார், அப்புறம் பழகிவிடும். ஆனால் குமிழை அழுத்தினால்தான் திரும்பும் என்று வைத்தது நல்ல யோசனை. முந்தானை பட்டோ குழந்தையின் கை பட்டோ அது லேசில் திறந்துகொள்ளாது.

சரியான குமிழைத் திருகினால் மட்டும் போதாது, திருகியது பலித்ததா என்றும் தெரிய வேண்டும். எங்கள் தெருமுனை டீக்கடை மாஸ்டருக்கு வடை மாவும் எண்ணெயுமாக எப்போதும் கை நிறைய வேலை. பணம் வந்ததா என்று போனை எடுத்துப் பார்க்க முடியாது. முன்பெல்லாம் வாடிக்கையாளர் தன் போனில் வரும் பச்சை டிக்கை நீட்டிக் காட்டுவார், மாஸ்டர் தலையாட்டுவார். இப்போது ஒரு பெட்டி, இத்தனை ரூபாய் வந்தது என்று தமிழில் சத்தமாகச் சொல்கிறது. பச்சை டிக் சொல்வது 'அனுப்பியாச்சு'. பெட்டி சொல்வது 'வந்தாச்சு'.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்திருந்தது. மூடிவிட்டது என்று ஊழியர்கள் நினைத்தார்கள். அந்த விளக்கு உண்மையில் காட்டியது, மூடச் சொல்லிக் கட்டளை போனதை மட்டும். வால்வு மூடியதா என்பது அதற்குத் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் அந்த வழியாக வெளியேறியது. உலையின் மையப்பகுதியில் ஏறத்தாழ பாதி உருகிப்போனது.

வந்த காரியம் முடிந்ததும் மனசு கிளம்பிவிடும், அதுவும் ஒரு பிரச்சினை. ஜெராக்ஸ் கடையில் நகலை வாங்கிக்கொண்டு ஆதார் அட்டையை மூடிக்கு அடியிலேயே விட்டுவிட்டு வராதவர்கள் குறைவு. பல ஏடிஎம்கள் அட்டையைத் திருப்பித் தந்த பிறகே பணத்தை நீட்டுவது இதற்காகத்தான். பணம் முதலில் கைக்கு வந்தால் அட்டையை யார் நினைப்பார்கள்? ஜெராக்ஸ் இயந்திரத்தில் இப்படி முறையை மாற்ற வழியில்லை. அதனால் கடைக்காரர் "அக்கா, ஒரிஜினல்!" என்று கத்த வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஊரிலிருந்து வந்த அம்மா, நான் இரண்டு முறை பாலைப் பொங்கவிட்டதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பால் பாத்திரத்துக்கு என்று இடப்பக்கத்துப் பின் பர்னரை ஒதுக்கினார். தன் நெற்றியிலிருந்த கல் பொட்டை எடுத்து அதற்கான குமிழில் ஒட்டினார். திரும்பிப் பார்க்காமலே விரலில் தட்டுப்படுகிறது. எண்ணெய் பட்டு அது உதிர்ந்தால் ஒட்டிக்கொள்ள, குளியலறைக் கண்ணாடியில் இன்னும் மூன்று பொட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.