கவுண்டர்பாயிண்ட்: புள்ளிக்கு எதிர்ப் புள்ளி

தமிழில் 'கவுண்டர்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது டிக்கெட் கவுண்டர். அடுத்தது, ஒருவர் பேசி வாய் மூடுவதற்குள் இன்னொருவர் அடிக்கிற நக்கல் பதில். 'பாயிண்ட்' என்றால் வாதத்தில் எடுத்து வைக்கும் கருத்து. இந்த இரண்டையும் ஒட்டவைத்துப் பார்த்து, கவுண்டர்பாயிண்ட் என்றால் ஒரு மெட்டு கேள்வி கேட்க இன்னொரு மெட்டு பதில் சொல்வது என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். இளையராஜா பற்றிய பேச்சில் இந்தச் சொல் அடிக்கடி அடிபடும். வயலின் ஒரு வரி வாசித்து முடித்ததும் புல்லாங்குழல் ஒரு வரி வாசித்தால்கூட 'ஆகா, கவுண்டர்பாயிண்ட்!' என்று எழுதிவிடுகிறோம். அது வெறும் கேள்வி பதில். கவுண்டர்பாயிண்டில் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

இரண்டோ அதற்கு மேலோ மெட்டுகள் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், ஒவ்வொன்றையும் தனியாக உருவி எடுத்துப் பாடினாலும் அது மெட்டாகவே நிற்க வேண்டும், சேர்த்துப் பாடும்போது ஒன்றை ஒன்று இடிக்கவும் கூடாது. இவ்வளவுதான் விஷயம். 1978இல் வந்த 'சிட்டுக்குருவி' படத்தின் 'என் கண்மணி' பாட்டைக் கேட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒரு வரி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் இன்னொரு வரி வேறு மெட்டில் வந்து உட்காரும், எதைப் பிடிப்பது எதை விடுவது என்று காது தடுமாறும், ஆனால் எங்கேயும் கரடுமுரடாக இருக்காது.

சரி, சொல்லுக்கு வருவோம். லத்தீனில் 'புங்க்டுஸ் கான்ட்ரா புங்க்டும்' என்று ஒரு தொடர் உண்டு. 'புள்ளிக்கு எதிரே புள்ளி' என்று பொருள். அதைச் சுருக்கி 'கான்ட்ராபுங்க்டுஸ்' ஆக்கினார்கள், அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து கவுண்டர்பாயிண்ட் ஆயிற்று. 'புங்க்டுஸ்' என்பது குத்து என்ற வினையிலிருந்து வந்த சொல். எழுதுகோலால் ஒரு குத்து குத்தினால் விழுகிற தடம் அது. நம்மூர் சைக்கிள் கடையின் 'பஞ்சர்' இதே வேரில் கிளைத்ததுதான்.

பாட்டில் புள்ளி எங்கே வந்தது? ஐரோப்பியத் தேவாலயங்களில் லத்தீன் வழிபாட்டுப் பாடல்களைத் துணைக் கருவிகள் இல்லாமல் எல்லோரும் ஒரே மெட்டில் பாடுவார்கள். கிரிகோரியப் பாடல் என்று சொல்வது அதைத்தான். 604இல் இறந்துபோன முதலாம் கிரிகோரி பாப்பரசர் இயற்றினார் என்பது பின்னால் வந்த கதை. 9ஆம் நூற்றாண்டு வாக்கில் இந்த மெட்டுகளை நினைவுபடுத்திக்கொள்ள வரிகளுக்கு மேல் புள்ளிகளும் வளைவுகளுமாகக் குறிகள் போட ஆரம்பித்தார்கள். ஆனால் ஏற்கெனவே மெட்டு தெரிந்தவனுக்கு மட்டுமே அவை உதவும், புதிதாக வருகிறவன் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இத்தாலியில் அரெஸ்ஸோ நகரத்தில் இருந்த கீதோ என்ற துறவி 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோடுகளைப் போட்டு, குறி எந்தக் கோட்டில் உட்கார்ந்திருக்கிறதோ அதுதான் சுரம் என்று ஒழுங்கு செய்தார். (ஊத் ரே மீ என்று தொடங்கும் சுரப்பெயர்களும் அவர் வேலைதான். யோவான் புனிதரைப் பற்றிய ஒரு துதிப்பாட்டில் அடுத்தடுத்த அடிகளின் முதல் அசைகள் அவை. ஊத் பிற்பாடு டோ ஆனது.) அப்படிப் புள்ளி சுரத்தின் உருவமாகி, கடைசியில் சுரத்துக்கே பெயராகிவிட்டது. ஆகவே கவுண்டர்பாயிண்டில் இருக்கும் பாயிண்ட் கருத்தும் இல்லை, கோலப் புள்ளியும் இல்லை. அது சுரம். சுரத்துக்கு எதிரே சுரம்.

பல குரல் பாட்டு இந்தச் சொல்லைவிட ரொம்பப் பழையது. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாரோ ஒருவர் பெயர் போடாமல் எழுதிய 'மூசிகா என்கிரியாடிஸ்' என்ற நூலில் ஆர்கனம் என்ற முறைக்கு விளக்கம் இருக்கிறது. மூலப் பாடலை ஒருவர் பாட, அதற்கு நாலாம் சுரம் அல்லது ஐந்தாம் சுரம் தள்ளிக் கீழே இன்னொருவர் அதே மெட்டைப் பாடுவார். மேல் குரல் ஏறினால் கீழ்க் குரலும் ஏறும், இறங்கினால் இதுவும் இறங்கும். தண்டவாளம் மாதிரி. நம் பேச்சு வழக்கில் 'அவன் சொன்னதுக்கெல்லாம் இவன் ஒத்து ஊதுறான்' என்போமே, கிட்டத்தட்ட அதுதான்.

நாதசுரத்தில் நிஜமாகவே ஒத்து ஊதுகிறவர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதற்கு நெருக்கமான காட்சி அடுத்து பாரிஸில் வருகிறது. நோத்ர் தாம் பேராலயத்தைக் கட்டத் தொடங்கியது 1163இல். அங்கே பாட்டு அமைத்தவர்களில் லியோனின், பெரோட்டின் என்று இரண்டு பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன. இவர்கள் மரபில் வழிபாட்டுப் பாடலின் ஒவ்வொரு சுரத்தையும் கீழ்க் குரல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும், மேல் குரல் அதன் மேல் இஷ்டத்துக்கு ஓடியாடும். பிடித்துக்கொண்டிருப்பவரின் பகுதிக்கு 'டெனோர்' என்று பெயர், லத்தீனில் பிடி என்ற வினையிலிருந்து வந்தது. இன்றைக்கு உச்சத்தில் பாடும் ஆண் குரலுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது ஒரு வேடிக்கை. 1198இல் பாரிஸ் ஆயர் ஒரு திருநாள் பாடலை மூன்று, நான்கு குரல்களில் பாடலாம் என்று அனுமதித்திருக்கிறார். பெரோட்டினின் நான்கு குரல் பாட்டு ஒன்று அந்தச் சமயத்தைச் சேர்ந்தது என்று கணிக்கிறார்கள். ஒருமுறை கேட்டுப் பாருங்கள், எண்ணூறு வருஷப் பழசு என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

கான்ட்ராபுங்க்டுஸ் என்ற சொல் ஏடுகளில் தலைகாட்டுவது இதற்கெல்லாம் பிறகு, 14ஆம் நூற்றாண்டில்தான். ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி என்று எதிர்எதிரே வைத்துப் பழகுவது மாணவனுக்கான முதல் பாடம், சொல் அந்தப் பயிற்சியிலிருந்து பிறந்தது. அந்தக் காலத்துப் பாடநூல்களில் ஒரு விதி வருகிறது: இரண்டு குரல்களும் ஐந்தாம் சுர இடைவெளியிலோ எட்டாம் சுர இடைவெளியிலோ சேர்ந்தே அடுத்தடுத்து நகரக் கூடாது. அதாவது முந்நூறு நானூறு வருஷம் முன்பு எதை ஆர்கனம் என்று பெருமையாகப் பாடினார்களோ அதுவே இப்போது பிழை! காரணம் எளிது. அந்த இடைவெளிகள் ரொம்பவே நன்றாகக் கலப்பவை. இரண்டு குரல்கள் அப்படிச் சேர்ந்து நடந்தால் காதுக்கு ஒரே குரல் தடித்த மாதிரிதான் கேட்கும், இரண்டாவது மெட்டு காணாமல் போய்விடும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் நல்லது என்றார்கள். 1477இல் டிங்க்டோரிஸ் என்பவர் இந்தக் கலைக்கென்றே தனி நூல் எழுதினார். அதில் நாற்பது வருஷத்துக்கு முந்தைய இசை எதுவும் கேட்கத் தகுந்ததில்லை என்று வேறு சொல்லி வைத்தார், அந்தக் கொழுப்பு எனக்குப் பிடிக்கும். 1725இல் வியன்னாவில் ஃபுக்ஸ் என்ற இசையமைப்பாளர் இதை ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொள்வதுபோல ஐந்து படிகளாக அமைத்தார். ஒரு சுரத்துக்கு ஒரு சுரம், ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு நான்கு, சுரம் தாளத்தில் தள்ளி விழுவது, எல்லாம் கலந்தது. பின்னால் பெரிய இசையமைப்பாளரான ஹைடன் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகவே படித்தார். இன்றும் மாணவர்கள் அந்தப் படிகளில் ஏறுகிறார்கள்.

இப்போது தமிழ்ச் சொல். 'எதிர்ப்புள்ளி' என்று அப்படியே பெயர்க்கலாம், ஆனால் புள்ளியைச் சுரம் என்று தமிழில் யாரும் படிக்க மாட்டார்கள், கணக்குப் புத்தகம்தான் நினைவுக்கு வரும். நம் பழைய இசைநூல்களில் சுரத்துக்குப் பெயர் 'நரம்பு', யாழின் நரம்பு. அவர்கள் எழுதுகோலின் குத்திலிருந்து பெயர் எடுத்தார்கள், நாம் கருவியின் தந்தியிலிருந்து எடுத்தோம். ஆனால் 'எதிர்நரம்பு' என்று இன்றைக்குச் சொன்னால் டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள்.

'முரணிசை'? இது எனக்கு உடன்பாடில்லை. முரண் என்றால் சண்டை, இங்கே சண்டை எதுவும் இல்லை. அபசுரமாக உரசும் ஒலிகளுக்கு வேண்டுமானால் அதை வைத்துக்கொள்ளலாம், அதற்கும்கூடப் பழைய சொல் ஒன்று இருக்கிறது. சிலப்பதிகாரம் வேனிற்காதையில் 'இணை கிளை பகை நட்பு' என்று நரம்புகளின் உறவு நான்காக வருகிறது. உரைமரபில் ஐந்தாம் நரம்பு கிளை, நாலாம் நரம்பு நட்பு, மூன்றும் ஆறும் பகை. ஆர்கனம் பாடியவர்களும் நாலையும் ஐந்தையும் கொண்டாடி, மூன்றையும் ஆறையும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். நம்முடையது ஒரே நேரத்தில் ஒலிக்கும் குரல்களுக்கான இலக்கணம் இல்லை என்பதால் இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம், ஆனாலும் கணக்கு ஒத்துப்போவது அழகாக இருக்கிறது.

'இணைமெட்டு' என்று சொல்லலாம் என்றால் அதில் ஒரு சிக்கல். இணையாக நடப்பதைத்தானே கவுண்டர்பாயிண்ட் தடுக்கிறது? அந்தச் சொல்லைத் தண்டவாளம் போல ஓடும் ஆர்கனத்துக்குக் கொடுத்துவிடலாம், கச்சிதமாகப் பொருந்தும். 'ஒத்திசை' ஹார்மனிக்கு ஏற்கெனவே போய்விட்டது. அது ஒரு நொடியை நிறுத்தி, மேலிருந்து கீழாக என்னென்ன சுரங்கள் அடுக்கியிருக்கின்றன என்று பார்ப்பது. கவுண்டர்பாயிண்ட் இடமிருந்து வலமாக, ஒவ்வொரு இழையும் எங்கே போகிறது என்று பார்ப்பது. 'எதிரிசை'யும் சரிப்படாது, எதிரொலி நடுவில் புகுந்து கெடுத்துவிடும்.

நான் 'எதிர்மெட்டு' என்று எழுதுகிறேன். எதிர் என்றாலே எதிர்ப்பு என்று கொள்ள வேண்டியதில்லை. எதிர் வீட்டுக்காரர் நமக்கு எதிரியா என்ன? அவர் வாசல் நம் வாசலைப் பார்த்திருக்கிறது, அவர் வீட்டுச் சமையல் வேறு, அவ்வளவுதான். 'கான்ட்ரா'வுக்கும் இங்கே இந்தப் பொருள்தான். பாட்டுக்குத் துணையாக ஓடும் ஒரு தனி மெட்டையும் இதே பெயரில் அழைக்க நேரும் என்பது குறைதான், கலையைக் குறிக்கும்போது 'எதிர்மெட்டு முறை' என்று ஒரு சொல் கூட்டிக்கொள்ளலாம். ஃபியூக் என்பது ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டு ஓடும் எதிர்மெட்டு வடிவம். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் கடைசிக் காலத்தில் எழுதி, 1750இல் அவர் இறந்தபின் அச்சான 'ஃபியூக் கலை' தொகுப்பில் பெரும்பாலான உருப்படிகளுக்கு ராகப் பெயரோ கதைப் பெயரோ கிடையாது, கான்ட்ராபுங்க்டுஸ் 1, கான்ட்ராபுங்க்டுஸ் 2 என்று வெறும் வரிசை எண்தான். எதிர்மெட்டு 1, எதிர்மெட்டு 2 என்று சொல்லிப் பார்த்தேன், உறுத்தவில்லை.