புகை தெரியாத ஜெனரேட்டர்

2012-ல் மதுரையில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் சித்தப்பா வீடு. பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டிய வீடு. முன்னால் கிரில் கேட், உள்ளே நீள நடை, நடையிலேயே மாடிப்படி. அந்த வருஷம் ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கினார். வெளியே வைத்தால் காணாமல் போகும் என்று மாடிப்படிக்கு அடியில் வைத்து ஓட்டினார். "கிரில் வழியாக் காத்து வருதுல்ல, போதும்" என்பது அவர் கணக்கு.

ஒரு மணி நேரத்தில் சித்திக்குத் தலைவலி, பிள்ளைகளுக்குக் குமட்டல். புழுக்கம் என்று நினைத்து மொட்டை மாடிக்குப் போனார்கள்; சரியாகிவிட்டது. கீழே வந்தார்கள், மறுபடி தலைவலி. "ஜெனரேட்டர்ல புகையே வரலையே" என்று சித்தப்பாவுக்கு ஒரே குழப்பம்.

கண்ணை எரிக்கிற கரும்புகை ஒரு விதத்தில் நல்லது, மனிதனை வெளியே விரட்டிவிடும். ஜெனரேட்டர் விடுகிற கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பெட்ரோல் எரியும்போது அதிலுள்ள கார்பனுக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காவிட்டால் கார்பன் டை ஆக்சைடாக முழுமை பெறாமல் பாதியிலேயே நின்றுவிடும். அந்தப் பாதிதான் இது. புத்தம்புது இன்ஜினிலும் வரும். இதன் எடை கிட்டத்தட்ட காற்றின் எடைதான். அதனால் தரையில் தங்காது, கூரைக்கும் ஏறாது. காற்றோடு கலந்து எல்லா அறைக்கும் போகும்.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. ஆக்சிஜன் ஏற வந்தால் சீட் இல்லை. வெளிக்காற்றுக்கு வந்த பிறகும் உடம்பில் ஏறியதில் பாதி இறங்க நாலைந்து மணி நேரம் ஆகும். ஆஸ்பத்திரியில் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகும்.

கொரோனா காலத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்க வாங்கிய விரல் கிளிப் பல வீடுகளில் இருக்கிறது. அதை மாட்டிப் பார்த்து "98 காட்டுது, ஒண்ணுமில்ல" என்று இருந்துவிடாதீர்கள். அந்தக் கருவி ரத்தத்தின் சிவப்பை ஒளியால் அளந்து கணக்குப் போடுகிறது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் அதே நல்ல சிவப்பு. கிளிப் ஏமாந்துபோகும்.

ஜெனரேட்டரை ஜன்னல், வாசலிலிருந்து குறைந்தது இருபது அடி தள்ளி, சைலன்சர் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வைக்க வேண்டும் என்பது பொதுவான விதி. எங்கள் சந்தில் இருபது அடி என்றால் எதிர்வீட்டு அடுப்படி! அப்படிப்பட்ட வீட்டுக்கு ஜெனரேட்டரே வேண்டாம், இன்வெர்ட்டர் போதும் என்பேன். புறநகரில் தனி வீடு, சுற்றிலும் இடம் என்றால் சரி. அப்போதும் படுக்கையறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள்.

அப்புறம், இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயர். அதை வைத்துச் சுவர் சாக்கெட்டில் ஜெனரேட்டரைச் செருகினால் வீடு முழுக்க லைட் எரிகிறது என்று சிலர் பெருமையாகக் காட்டுவார்கள். தெருமுனை டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை வீட்டுக்கு 230 வோல்ட்டாக வரும்படி குறைக்கிறது. அதற்கு மேலும் கீழும் தெரியாது. மெயினை அணைக்க மறந்து உங்கள் 230 வோல்ட்டைப் பின்னாலிருந்து கொடுத்தால் அந்தப் பக்கம் சில ஆயிரம் வோல்ட்டாக ஏறி நிற்கும். லைனில் கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேன் கை வைக்கும் இடம் அது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் போட்டால் இந்தத் தொல்லையே கிடையாது. ஒரு பக்கம் தள்ளினால் ஈ.பி., மறுபக்கம் ஜெனரேட்டர். இரண்டும் சேரவே முடியாது.

மோட்டார் உள்ள எதுவும் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். ஒரு கிலோவாட் ஜெனரேட்டரில் போர் மோட்டாரைப் போட்டுப் பார்க்காதீர்கள்.

பெட்ரோல் ஊற்றுவதற்கு முன் இன்ஜினை அணைத்து நன்றாக ஆறவிட வேண்டும். மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவு ஆவி விடுகிற சரக்கு அது. ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு ஊர்ந்து போகும். கரண்ட் இல்லாத வீட்டில் தரையில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சித்தப்பா வீட்டில் இப்போது இன்வெர்ட்டர். ஜெனரேட்டர் அதே மாடிப்படிக்கு அடியில்தான், டேங்க் காலியாக. அதன்மேல் சித்தி வெங்காயக் கூடை வைத்திருக்கிறார்.